ஏழாம் துளை

சுங்கை பெசியில் நாற்பது மாடி எழும்பப் போகிறது.
அதற்கு முன் மண் என் மேசைக்கு வந்தாக வேண்டும்,
மெழுகால் வாயடைத்த குழாய்களில்,
துளை எண், ஆழம், தேதிச் சீட்டோடு,
ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக.

ஏழாம் துளை, நான்கரை மீட்டர்.
பிதுக்கினேன்.
சாம்பல் நிறம், ஓரத்தில் துருவின் மஞ்சள்.
ஈயம் கழுவியவர்கள் குட்டையில் விட்டுப்போன சேறு
உட்கார்ந்து உட்கார்ந்து
அரைத்த சந்தனமாகியிருந்தது.

விதி இவ்வளவுதான்:
கண்ணாடிமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டு.
மூன்று மில்லிமீட்டரில் எப்போது உடைகிறது என்று பார்.
ஐந்தாம் துளை முறுக்கு போல் ஒடிந்தது.
ஒன்பதாம் துளை கையை விட்டே போகவில்லை, கடன்காரன்.
ஏழு மட்டும் நூலாகி
என் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி
வெடிப்பில்லாமல் நின்றது.
மோதிரம் என்று சொல்ல மாட்டேன்.
சொன்னால் அடுத்த மேசை அஸ்லினா சிரிப்பாள்.

அறிக்கையில் எழுதினேன்:
மிக மென்மை. சுமை தாங்காது. முழுவதும் அகற்றுக.

சோதித்த மண்ணை எறிந்துவிடுவது வழக்கம்.
நான் எறிந்த இடம்
என் மைவியின் பின்சீட்டு.

பூச்சோங் ஃபிளாட், ஒன்பதாவது மாடி.
முதலில் எலும்புவரை காய வேண்டும்.
ஈரமண் வீம்பு பிடித்தது, தண்ணீரை உள்ளே விடாது.
காய்ந்ததோ வாளியில் விழுந்ததும்
சீறும், குமிழி விடும்,
பிறகு ஒரு வார்த்தை பேசாமல் சரியும்.
அதைக் காட்டத்தான் கிருபாஷினியை எழுப்பினேன்,
இரவு பதினொன்றரைக்கு.
பார்த்தாள்.
"இதுக்கா?" என்றாள்.

சல்லடையில் தங்கியவை:
கருமணல், ஒரு வேர், பட்டாணி அளவில் வெள்ளைக் கல்.
வினிகர் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது.
சுண்ணாம்பு.
சூளையில் வாய் திறக்காது, நல்லபிள்ளை.
வெளியே வந்து பத்து நாள் ஈரம் குடித்தபின்
பானையின் தோலை உள்ளிருந்து பெயர்க்கும்.
இன்னும் மெல்லிய சல்லடை. இன்னொரு முறை.

பழைய ஜீன்ஸின் ஒரு காலை முடிந்து
சேற்றை ஊற்றி பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன்.
கீழ்வீட்டு மிஸஸ் லியோங் அண்ணாந்து பார்த்தபோது
ஒற்றைக்கால் ஒன்று
அவர் படுக்கை விரிப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.
நிர்வாகத்தின் கடிதம் லிஃப்ட் பக்கம் ஒட்டப்பட்டது.
பெயர் போடவில்லை.
ஒன்பதாம் மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஓட்டில் பத்து சென்டிமீட்டர் கோடு கீறினேன்.
காய்ந்ததும் எட்டரை.
கோட்டின் நடுவிலேயே பிளந்தது.
வழவழப்பு மட்டும் போதாது போலிருக்கிறது,
உள்ளே யாராவது சொரசொரப்பாய் இருக்க வேண்டும்.
அதே மனையில் இடித்த சுவரின் செங்கல்லை
உரலில் இட்டு, ரவைபோல் சலித்து,
ஐந்து பங்குக்கு ஒன்று.
இப்போது ஒன்பதுக்குச் சற்று மேல். சரி.

பிசைவது ரொட்டி சானாய் வேலை இல்லை.
அவர் வீசிவீசிக் காற்றை உள்ளே அழைக்கிறார்.
நான் அதை ஓர் ஓரமாக நெட்டித் தள்ளுகிறேன்,
மணிக்கட்டு வலிக்க, நூறு முறை.
கம்பியால் வெட்டிப் பார்த்தால்
முகத்தின் நடுவே கசகசா அளவில் ஒரு பொத்தல்.
மறுபடி நூறு.

மூன்று வாரமாக அலமாரியில் பிளாஸ்டிக்கில் கிடக்கிறது.
அழுகிய முட்டை நாற்றம்.
நாறினால்தான் இழையும் என்று நான் சொல்ல,
வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிப்பார் என்கிறாள் கிருபாஷினி.
இன்னும் ஒரு பானைகூட இல்லை.

திங்கட்கிழமை தோண்டத் தொடங்கினார்கள்.
காலை நெரிசலில் எனக்கு முன்னால் ஒரு லோரி,
தார்ப்பாய் பாதி மூடி.
ஐந்தா, ஒன்பதா, ஏழா,
நிறம் தெரியவில்லை.
பாலத்து மேட்டில் குலுங்கியபோது
ஒரு கட்டி என் கண்ணாடியில் விழுந்தது.
வைப்பரைப் போட்டேன்.
போகவில்லை. பரவியது,
ஒரு மணல்கூடக் கீறாமல்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.